வழுக்கிய கிண்ணம்

எங்கள் நாயின் பெயர் டப்பா. வீட்டில் எந்த டப்பாவைத் திறந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பான். ஆனால் கொஞ்ச நாளாக எந்தச் சத்தத்துக்கும் அவன் எழுந்து வருவதில்லை. வயிற்றுப்போக்கு வேறு. எலும்பும் தோலுமாகிவிட்டான்.

"இவன் உடம்புக்குள்ள இருக்கிற காவல்காரங்க குழம்பிட்டாங்க. கிருமியை விட்டுட்டு இவன் குடலையே தாக்குறாங்க," என்றார் கால்நடை டாக்டரம்மா.

"இவன் எங்க அப்பாவையே திருடன்னு நினைச்சுக் குரைப்பான். அது மாதிரியா?" என்றேன்.

"அதே மாதிரிதான்!" டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

டப்பாவின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாம். குடலுக்கு மாத்திரையும் வைட்டமினுக்குச் சொட்டு மருந்தும் தந்தார். சொட்டு மருந்து தரும் பெருமையான வேலை அண்ணனுக்கு. கிண்ணம் கழுவும் வேலை எனக்கு. எப்போதும் இப்படித்தான்!

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வைட்டமின் கொஞ்சம்கூட ஏறலையே. குடல் சத்தை உறிஞ்சலபோல. நாளைக்கு மயக்க மருந்து குடுத்து, வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்த்துடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மெலிந்த உடம்புக்கு மயக்க மருந்தா? குழாயா? டப்பாவைக் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் சட்டென்று ஞாபகம் வந்தது. டப்பாவின் தண்ணீர்க் கிண்ணம் தினமும் வழுக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தால்தான் போகும். வெறும் தண்ணீர் வைத்த கிண்ணம் ஏன் வழுக்க வேண்டும்?

"அண்ணா! சொட்டு மருந்தை எதுல விடுற?" பக்கத்தில் நின்ற அண்ணனைக் கேட்டேன்.

"தண்ணிலதான். வாயில விட்டா துப்பிடுறான்."

"டாக்டரம்மா, அந்த மருந்து எண்ணெயா?"

"ஆமா, எண்ணெயில கலந்த..." சொல்லும்போதே அவர் எழுந்துவிட்டார்.

"அப்போ அது கிண்ணத்துலயே ஒட்டிக்குது! நான்தான் தினமும் கழுவிக் கொட்டுறேன்!"

ஒரு மாதமாக வைட்டமின் டி சாப்பிட்டது எங்கள் வீட்டுச் சாக்கடை!

அண்ணனின் கண்கள் கலங்கின. "எல்லாம் என்னாலதான்."

"நீ ஒரு நாள்கூட மறக்கல அண்ணா. நாளையிலேருந்து சாப்பாட்டுல கலந்து குடு, அவன் முழுசா சாப்பிடுறானான்னு நான் பார்த்துக்கிறேன்," என்றேன்.

"அப்போ குழாய் இப்ப வேணாம். இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்," என்றார் டாக்டரம்மா.

அந்த மாதம் முழுக்க டப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் அண்ணனும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டரம்மாவின் போன் வந்தது.

"ஏறிடுச்சு! மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. குழாய் வேண்டவே வேண்டாம்!"

நானும் அண்ணனும் போட்ட கூச்சலில் அப்பா பதறி ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் சந்தோஷமாகச் சமையலறைக்குப் போய் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.

நாங்கள் பாய்ந்தோடினோம். எங்களுக்கு முன்பே அங்கே ஒருவன் வாலை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தான்.