புழுவைக் கொன்றது யார்?

காலை ஆறரை மணி. தோட்டத் தொழிலாளர் லயத்தில், மெட்டில்டாவின் அறையான காம்பராவில், மீன்தொட்டியிலிருந்த கப்பி மீன்கள் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

ராத்திரி முழுக்கக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர்: மெட்டில்டா, அவளுடைய புது மருமகள் ஸ்டெபானி. தொட்டிக்குச் சொந்தக்காரனான மகன் அலன் கலவான டவுனில் மாட்டிக்கொண்டிருந்தான். முந்தாநாள் சரிந்த மண்மேடு ரோட்டை மூடிக் கிடந்தது.

பக்கத்துக் காம்பரா இராயப்பனுக்கு ஆள் போயிற்று. ஓய்வுபெற்ற பொலிஸ் கான்ஸ்டபிள். சேவைக்காலம் முழுவதிலும் அவர் கண்டுபிடித்தது காணாமல்போன மாடு ஒன்றை. அதுவும் தானாகவே ஸ்டேஷனுக்கு நடந்து வந்த மாடு. ஆனாலும் லயத்துக்கு அவர்தான் 'ராலஹாமி'. சிங்களத்தில் கான்ஸ்டபிளை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

மெட்டில்டாவின் குற்றப்பத்திரிகை தயாராக இருந்தது. போன வாரம் ஸ்டெபானி ஓப்பநாயக்கவில் உள்ள தாய்வீட்டிலிருந்து பாசி கொண்டுவந்து தொட்டியில் போட்டாள். அதோடு வெள்ளைப் புழு வந்தது. புழு மீனைத் தின்றது. பெக்கோ இயந்திரம் மண்ணை அள்ளி முடித்ததும் முதல் பஸ்ஸில் அவள் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும். பேக் வாசலில் நின்றது. ஸ்டெபானி அதன் பக்கத்தில் நின்றாள். போக ரோடில்லை, இருக்க இடமில்லை.

"புழுவ நேத்தே உங்ககிட்ட காட்டினேன்ல ராலஹாமி," என்றாள் மெட்டில்டா.

காட்டினாள்தான். மழை வலுக்குமுன் வீடு திரும்பும் அவசரத்தில் அவர் வாசலிலேயே நின்று, மூக்குக் கண்ணாடி போடாமல் எட்டிப் பார்த்து, பெரிய டாக்டர் மாதிரி வைத்தியமும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இன்று இராயப்பன் மாணிக்கக்கல் பார்க்கும் லென்ஸை எடுத்தார். பென்ஷன் வந்த கையோடு வாங்கியது. இதுவரை அதன் வழியே ஒரு கல்லும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. குனிந்தபோது மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி. தன் முழங்கால் தைலம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மணலில் புழுக்கள் கிடந்தன. தலைமயிர் போல மெலிசு. ஸ்டெபானி போனில் ஒரு படத்தைத் தேடிக் காட்டினாள். மீன்முட்டையையும் குஞ்சையும் தின்கிற புழு தட்டையானது. அம்புமுனை மாதிரித் தலை, அதில் இரண்டு கண்புள்ளிகள். இது அதுவல்ல. இது மிச்சத் தீனி மணலில் அழுகினால் பெருகுகிற அப்பாவி.

"தீனி யார் போடுறது?" என்று கேட்டார் இராயப்பன்.

"நான்தான். வாயில்லா ஜீவனுங்க. காலையில பாண், பகல்ல சோறு," என்றாள் மெட்டில்டா, மேசையில் இருந்த ரொட்டியைக் காட்டிப் பெருமையாக.

இராயப்பன் மறுபடி லென்ஸை வைத்தார். ஒரு புழுவும் அசையவில்லை.

"மீன புழு கொன்னுச்சுன்னே வச்சுக்குவோம். அப்ப புழுவ யார் கொன்னது?"

ஸ்டெபானி ஜன்னலில் இருந்த ஜாம் போத்தலை எடுத்து நீட்டினாள். போன வாரம் மிஞ்சிய பாசியை, தொட்டித் தண்ணீரோடு அதில் போட்டு வைத்திருந்தாள். அதற்குள் புழுக்கள் நெளிந்தன. நடுவே இரண்டு மீன்குஞ்சுகள் சுகமாக நீந்தின.

பாசி குற்றவாளியில்லை. புழுவும் இல்லை. போத்தலுக்குள் போகாத ஏதோ ஒன்று ராத்திரி தொட்டிக்குள் போயிருக்கிறது.

மெட்டில்டாவின் முகம் இன்னும் இறுகியது. "அப்ப இவ வெஷம் வச்சாளா?"

"நான் தொடவே இல்ல மாமி," என்ற ஸ்டெபானியின் குரல் உடைந்தது. காப்பாற்ற வந்தவர் பெண்ணைப் பெரிய குழிக்குள் தள்ளிவிட்டார். தூரத்தில் பெக்கோ சத்தம் நின்றது. ரோடு திறந்துவிட்டது.

இராயப்பன் யோசிப்பதாகப் பேர்பண்ணிக்கொண்டு பின்பக்கம் போனார். லயத்தில் எல்லார் போஞ்சிக்கொடியும் பூச்சி அரித்துச் சல்லடையாகக் கிடந்தது. மெட்டில்டாவின் கொடியில் மட்டும் ஒரு ஓட்டை இல்லை. அங்கேயும் அதே நெடி. அவருடைய முழங்கால் அவ்வளவு தூரத்துக்கு மணக்காது.

திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார். "தொட்டியில நீங்க என்ன போட்டீங்க?"

"நான் ஏன் வெஷம் போடப் போறேன்? மருந்துதான் போட்டேன்."

"என்ன மருந்து?"

"பூச்சி மருந்து. நீங்கதானேண்ணே போடச் சொன்னீங்க?"

இராயப்பன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்ன பூச்சி மருந்து, பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கிற குளிசை மாத்திரை. மெட்டில்டாவின் கை போனது போஞ்சிக்கு அடிக்கிற போத்தலுக்கு. இரண்டுக்கும் பேர் ஒன்றுதான்.

"குத்தவாளிய கண்டுபுடிச்சிட்டேன்," என்றார். "நான்தான். மூக்குக் கண்ணாடிய போட்டுப் பாத்திருந்தா ஒரு மருந்தும் தேவைப்பட்டிருக்காது. மணல கழுவி, கொஞ்சம் தண்ணி மாத்தி, பாண கொறைச்சிருந்தா போதும். இந்தப் புள்ள மேல ஒண்ணுமில்ல."

மெட்டில்டா தொட்டியைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற பேக்கைப் பார்த்தாள். கீழே ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது.

"இன்னும் மண்ணு சரியும்னு சொல்றாங்க," என்றாள், யார் முகத்தையும் பாராமல். "இல்லீங்களாண்ணே?"

வெளியே வெயில் பளீரென்று அடித்தது. சேவைக்காலத்தில் ஒருநாளும் பொய்ச்சாட்சி சொல்லாத இராயப்பன் தொண்டையைச் செருமினார்.

"ஆமா. இன்னைக்கு யாரும் அந்த ரோட்டுல போகக் கூடாது. பொலிஸ் சொல்லுது."

ஸ்டெபானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜாம் போத்தலை மாமியாரின் கையில் வைத்தாள்.

"இதுக்குப் பாண் போடக் கூடாது மாமி."