உள்ளிழுத்த மூச்சு

முதல் மூன்று நாள் பதிவுகளில் மெல்லிய விசில் ஒன்று இருந்தது. நான்காம் நாளிலிருந்து அது இல்லை. மரித் ஹெட்ஃபோனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டாள்.

அந்த விசில் எவர்ட்டின் உடைந்த முன்பல்லுக்குச் சொந்தமானது. உமியோ நகரத்துக்கு வடக்கே, காட்டோர வீட்டில் தனியாக வாழ்ந்த எண்பத்தாறு வயதுக் கிழவர். அந்தப் பக்கத்து மனிதர்கள் 'ஆமாம்' என்பதற்கெல்லாம் வாயைத் திறந்து சக்தியை வீணாக்க மாட்டார்கள். உதட்டைக் குவித்து மூச்சைச் சுருக்கென்று உள்ளே இழுப்பார்கள், அதுதான் சம்மதம். மரித் கல்யாணத்துக்கே அப்படித்தான் சம்மதித்தாள் என்று அவளுடைய முன்னாள் கணவன் இன்றைக்கும் கிண்டல் செய்வான்.

தனியாக இருக்கும் முதியவர்களைத் தினமும் மூன்று மணிக்கு அழைத்து நலம் விசாரிக்கும் தானியங்கிக் குரல், மரித் வடிவமைத்தது. குரல்கூட அவளுடையதுதான். மடங்காத விரல்களுக்குச் சிரமம் வேண்டாமென்று, மேசைமேல் இருக்கும் பெட்டி அழைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும்படி செய்தாள். தலைநகரத்தில் செய்த பழைய இயந்திரத்துக்கு இந்த மூச்சு புரியவில்லை; 'மறுபடி சொல்லுங்கள், மறுபடி சொல்லுங்கள்' என்று கிழவர்களைப் பாடாய்ப் படுத்தியது. மரித்தின் இயந்திரத்துக்கு மூச்சு புரியும். ஒரு பதில் கிடைத்துவிட்டால் இரண்டாம் தடவை கேட்டுத் தொந்தரவு செய்யாது. கேள்வியையும் ஊர் மனசு அறிந்துதான் அமைத்தாள். உதவி வேண்டுமென்று கேட்க இவர்களுக்கு நாக்கு எழாது. ஆகவே, "எல்லாம் சௌகரியம்தானே? இன்னிக்கு யாரும் வர வேண்டாம்தானே?" என்று கேட்கும். ஒரு மூச்சு இழுத்தால் போதும். கிழவர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

எவர்ட் மூன்றாம் நாள் இரவே படுக்கையில் இறந்துவிட்டார் என்று மருத்துவர் எழுதியிருந்தார். பதின்மூன்றாம் நாள் காலையில் தபால்காரர்தான் கண்டுபிடித்தார். இடைப்பட்ட ஒன்பது நாளும் இயந்திரம் கேட்டது. ஒன்பது நாளும் மூச்சு பதில் சொன்னது. யாரும் போகவில்லை.

இன்னும் நானூறு வீடுகளில் அதே பெட்டி இருந்தது. அந்த மூச்சு வெறும் இயந்திரக் கோளாறு என்று இன்று தெரிந்துவிட்டால் போதும், நாளையே சரிசெய்துவிடலாம், ராத்திரி தூங்கலாம்.

அலுவலகத்தில் அவளோடு வேலை செய்யும் ஹோக்கனுக்கு போன் போட்டாள்.

"ஃபிரிட்ஜா இருக்கும்," என்றான் அவன். "இல்லேன்னா காத்து. அந்த வீட்டு ஜன்னலை நீ பாக்கல, நான் பாத்தேன்."

"காத்துன்னா ரெண்டு பக்கமும் போகணும்ல. இது உள்ள மட்டும்தான் இழுக்குது. ஒரு தடவைகூட வெளிய விடல."

"பிள்ளைங்க அப்பாகிட்ட இருக்கிற வாரத்துல மத்தவங்க இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குவாங்க. நீ செத்தவர் மூச்சைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கே."

"ஹோக்கன், விளையாடாதே."

"சரி சரி. காலைல உன் வாசல்ல வெச்சேனே, அது அவரோட பெட்டிதான். பேரை மட்டும் உன் பேருக்கு மாத்தியிருக்கேன். மூணு மணிக்குக் கூப்பிடும். நீ வாயே திறக்காதே. பெட்டியில கோளாறுன்னா அந்த மூச்சு அங்கேயும் வரும். வந்தா நீ தப்பிச்சே."

சமையலறை மேசையில் பெட்டியை வைத்தாள். அதிலிருந்து ஈரச் சாம்பலும் பூட்டிக் கிடந்த அறையும் கலந்த வாடை வந்தது. ஜனவரி மாதம், இரண்டு மணிக்கே பொழுது சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே பனி நீலமாகி, பிறகு கறுப்பாகிவிட்டிருந்தது. எந்தச் சத்தமும் சோதனையைக் கெடுக்கக் கூடாதென்று ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள், அடுப்புக்கு மேலிருந்த மின்விசிறியை நிறுத்தினாள், ரீங்கரித்த குழல்விளக்கை அணைத்தாள், கைபேசியை அணைத்து மாடியில் வைத்துவிட்டு வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் மட்டும் டிக் டிக்கென்று ஓடியது. அதை நிறுத்த ஏனோ மனம் வரவில்லை.

மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மிச்சப் பதிவுகளை ஓடவிட்டாள். நான்காம் நாள் மூச்சு தூரத்தில், படுக்கையறைப் பக்கமிருந்து கேட்டது. ஏழாம் நாள் அது சமையலறை வாசலுக்கு வந்திருந்தது. எவர்ட்டின் வீட்டிலும் ஒரு கடிகாரம் இருந்திருக்கிறது. பதிவு முழுக்க அதன் டிக் டிக் கேட்டுக்கொண்டே வந்தது. பன்னிரண்டாம் நாள் மட்டும் அந்த ஓசை மங்கியிருந்தது. கடிகாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் ஏதோ வந்து நின்றிருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அபத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வரட்டும், அந்த மூச்சு வந்துவிடட்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டாள். பெட்டியிலிருந்து வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம், மரித்," என்றது அவளுடைய குரல். கனிவான குரல். நாற்பது தடவை பதிவு செய்து தேர்ந்தெடுத்த கனிவு. "எல்லாம் சௌகரியம்தானே? இன்னிக்கு யாரும் வர வேண்டாம்தானே?"

இயந்திரம் காத்திருந்தது. முதியவர்கள் யோசிக்க நேரம் வேண்டுமென்று அவளே கொடுத்த நான்கு வினாடி.

ஒன்று.

மரித் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

இரண்டு.

கடிகாரச் சத்தம் மங்கியது.

நிற்கவில்லை. மங்கியது.

ஈரச் சாம்பல் வாடை. பெட்டியிலிருந்து அல்ல. பின்னாலிருந்து.

மூன்று.

பிடரி முடி அசைந்தது. பின்பக்கமாக. ஒவ்வொன்றாக. காதோரம் நீளமான, ஈரமான மூச்சு ஒன்று உள்ளே போனது.

"வேண்டாம்னு சொல்லல," என்று மரித் கத்தினாள். "வாங்க. யாராவது வாங்க."

ஒருமுறை பதில் கிடைத்துவிட்டால் அது மறுபடி கேட்காது.

"ரொம்ப நன்றி, மரித். அப்ப யாரும் வர மாட்டாங்க. நாளைக்கு இதே நேரம் பேசலாம்."

பச்சை விளக்கு அணைந்தது. இருட்டில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிடரி முடி பின்னோக்கி இழுபட்டபடியே இருந்தது. அந்த மூச்சு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.