வளைவில் கிடந்த கல்

"நடுரோட்டுல கல்லைப் போட்டுட்டுப் போனது யாருங்க?"

மார்கழிப் பனிக்குள்ளிருந்து கத்தல் வந்தது. சௌந்திரம் திரும்பிப் பார்த்தாள். சற்றுமுன் அவர்கள் வண்டியைக் கடந்து ஏற்காட்டு மலைப் பாதையில் கீழே பாய்ந்தவன், வளைவில் சைக்கிளோடு கவிழ்ந்து கிடந்தான். முழங்காலில் ரத்தம். கண்களா அவை... கங்கு!

அப்பா நாச்சிமுத்து வண்டியோட்ட, அவள் பின்னால் நடப்பாள். மாடுகள் மூச்சு வாங்க நின்றால், வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்குக் கல் அணை கொடுப்பாள். கிளம்பும்போது கல்லை ஓரம் தள்ள வேண்டும். இன்று மறந்துவிட்டாள்.

"மலையில கல்லு கிடக்காம மல்லிகையா கிடக்கும்?" என்றாள்.

"பொங்கல் கழிஞ்சா சைக்கிள் போட்டி இருக்குதுங்க. கால் ஊனாம மேல ஏறுறவனுக்குத்தான் காப்பித் தோட்டத்துத் துரை தபால் வேலை தருவாரு. இந்தக் காலோட எப்படிங்க ஏறுவேன்?"

"ஏற முடியாதவங்க கல்லைத்தான் குத்தம் சொல்லுவாங்க!"

சொன்னதும் நெஞ்சு சுருக்கென்றது. ஆனாலும்... கூச்சல் போடுகிறவனிடம் தப்பை ஒப்புக்கொள்வதா?

அவன் ராசிபுரத்துக் கந்தவேல். முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, நடுங்கும் குளிரில் மறுபடி வந்தான். முதலில் ஒரு வளைவு வரை ஏறினான், பிறகு அடுத்தது. அந்தக் கல் கிடந்த வளைவில் மட்டும் கால் ஊன்றிவிடும். அவளைக் கண்டால் போதும், "இன்னைக்கு எங்கீங்க கல்லு?" என்பான்.

திமிரைப் பார்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி எரிந்துகொண்டேதான், வண்டிக்கு முன்னாலேயே ஓடி, வளைவில் கிடந்த கற்களையெல்லாம் தினமும் ஓரம் தள்ளினாள். நகம் பெயர்ந்தது. அதற்கும் அவனையே திட்டினாள்.

போட்டியன்று, அப்பாவை மேலே சுமை இறக்க விட்டுவிட்டு வளைவில் வந்து நின்றாள். மற்றவர்கள் ஒவ்வொருவராய்க் கால் ஊன்றினார்கள். கந்தவேலின் முழங்கால் நடுங்கியது, சக்கரம் தள்ளாடியது.

"இறங்கிப்புடாதீங்க!" என்று கத்தினாள். "என்கூட மல்லுக்கட்டினது இதுக்குத்தானா? மிதிங்க!"

மிதித்தான். வளைவைக் கடந்து பனிக்குள் மறைந்தான்.

வெயில் ஏறியபின் மெல்ல இறங்கிவந்து அவளெதிரே நின்றான். "வேலை கெடைச்சிருச்சுங்க."

"அந்தக் கல்லு... நான் வெச்சதுதானுங்க." என்றாள்.

"தெரியுமுங்க. அன்னைக்கு உங்க வண்டிய விட்டா வேற வண்டியே ஏறலீங்களே."

"தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாளும் வம்பு பண்ணுனீங்க?"

"வம்பு தீந்துட்டா வேற என்னத்தைச் சொல்லி உங்ககிட்டப் பேசறதுங்க?" அவன் தலை குனிந்தது. "உங்களைப் பாக்காம இருக்க முடியலீங்க..."

கோபம் பொங்கியது. கண்ணும் பொங்கியது. விறுவிறுவென்று ஓரத்திலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்து, அவன் முன்சக்கரத்துக்கு அணையாக வைத்தாள்.

"நகரக் கூடாதுங்க. எங்கய்யன் இப்ப வண்டியோட எறங்கி வருவாரு. எங்கிட்டச் சொன்னதை அவருகிட்டயும் சொல்லிட்டுப் போங்க!"