ஆடாத கை

துன்யாவின் அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. சொத்துத் தகராறா, வேலித் தகராறா என்றால் அதெல்லாம் இல்லை. எல்லாம் ஒரு வளையத்தால் வந்த வினை!

அது மெல்லிய வெண்கல வளையம். வேனின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், பின்பக்கக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். சுழலும் தண்டை ஆடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. புஷ் என்பார்கள். அப்பா ராதோயேயின் வேனில் அந்தப் புஷ் தேய்ந்துபோனது. தண்டு ஆடியது. ஆயிலைத் தடுத்து நிறுத்தும் சீல் என்ற ரப்பர் வளையம் கிழிந்து ஆயில் ஒழுகியது.

கோடையில் ஒருநாள், காபிக்கடையில் எல்லார் முன்னாலும் வுகாஷின் என்ற அந்தப் பெரியப்பா வாயைத் திறந்தார்.

"டேய், புஷ் தேஞ்சிருக்கு. ஆயில் சீலை மட்டும் மாத்தினா நிக்காது. ஆடுற தண்டு சீலைத் தின்னுடும். இதுகூடவா தெரியாது உனக்கு?"

கடையே சிரித்தது. அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து வீம்புக்கென்றே சீலை மட்டும் மாற்றினார். ஒழுகியது. மறுபடி மாற்றினார். மறுபடி ஒழுகியது.

இப்போது அம்மா ஸ்தானா இறந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. வரும் சனிக்கிழமை கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். கல்லறை இருப்பதோ மலைமேல், அம்மா பிறந்த ஊரில். அங்கே பஸ் போகாது.

"வேன் மலையேறுமாப்பா?" என்று கேட்டாள் துன்யா.

"பாதி வழியில ஆயில் தீர்ந்து நின்னுடும்." அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்புறமாப் போகலாம் கண்ணு."

"அப்புறம் பனி கொட்டிப் பாதையை மூடிடுமே!"

நாம் வரவில்லையே என்று அம்மா அங்கே தேடுவாளோ என்று நினைத்தபோது துன்யாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அழுது முடித்ததும் எழுந்துபோய்க் கோதுமையை வேகவைத்தாள். அம்மா செய்வதுபோலவே அக்ரூட் பொடியும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தாள். இறந்தவர் பெயரில் கொடுக்கும் கோதுமையை யாரும் மறுக்கக் கூடாது. அது ஊர் வழக்கம். சண்டைக்காரராக இருந்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியப்பாவின் லேத் பட்டறைக்குப் போனாள். பெரியப்பா லேத்தை நிறுத்தினார்.

"அம்மா பேர்ல கொண்டு வந்தேன், பெரியப்பா."

பெரியப்பா தொப்பியைக் கழற்றினார். சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "அவ ஆத்மா சாந்தி அடையட்டும்" என்று சொல்லி ஒரு ஸ்பூன் வாயில் போட்டார்.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சனிக்கிழமை போறீங்கதானே?"

"எங்கே போறது? நீங்க சொன்ன மாதிரி புஷ் தேஞ்சு கிடக்கே!"

பெரியப்பா அலமாரியைத் திறந்தார். துணியில் சுற்றிய எதையோ எடுத்து நீட்டினார். பளபளவென்று புதுப் புஷ்!

"சண்டை போட்ட அன்னிக்கே கடைஞ்சு வச்சேன். கொடுக்கத்தான் மனசு இறங்கி வரல. கடையில வாங்கினதுன்னு அப்பாகிட்ட சொல்லிடு."

"அம்மாவோட கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டுப் பொய் சொல்லமாட்டேன், பெரியப்பா."

வீட்டுக்கு வந்ததும் அவள் எதுவும் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அப்பா புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வுகாஷின் அண்ணன் கடைஞ்சது."

"ஆமாம்ப்பா."

அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேனுக்கடியில் படுத்தார்.

மாலைக்குள் பின்பக்கக் கூடு முற்றத்து மேசைக்கு வந்துவிட்டது. பழைய புஷ்ஷைத் தட்டி வெளியே எடுத்தார். அது ஒரு பக்கம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்த அப்பாவின் முகம் சிறுத்துப்போனது.

புதுப் புஷ் நேராக இறங்க வேண்டும். கோணலானால் நசுங்கிவிடும். இருப்பதோ ஒன்றே ஒன்று. துன்யா அதன்மேல் இரும்புக் குழாயை நிறுத்திப் பிடித்தாள். அப்பா சுத்தியலால் மெல்லத் தட்டினார்.

"நிறுத்துங்கப்பா! சாயுது!"

"கெட்டியாப் பிடிம்மா."

"கெட்டியாத்தான் பிடிக்கிறேன். என் கை ஆடுதுப்பா. ஆடாத கை பக்கத்து வீட்டுல இருக்கு. நான் கூப்பிடமாட்டேன், நீங்கதான் கூப்பிடணும்."

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். வேலிவரை நடந்தார்.

"அண்ணே!" என்று கூப்பிட்டார். "கொஞ்சம் வந்து பிடி. ஸ்தானாவைப் பார்க்கப் போகணும்."

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா ஏற்கெனவே கைகழுவித் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

சனிக்கிழமை மூவரும் மலையேறினார்கள். அம்மாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். திரும்பும்போது துன்யா வேனுக்கடியில் குனிந்து பார்த்தாள்.

"ஒரு சொட்டுகூட ஒழுகலப்பா!"

"நான் அன்னிக்கே சொன்னேன்ல, சீலை மட்டும் மாத்தினா…" என்று ஆரம்பித்தார் பெரியப்பா.

துன்யா கொண்டுவந்திருந்த கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்பூன் கோதுமையைக் குவித்து அவர் வாயில் திணித்தாள்.

"அம்மா பேர்ல சாப்பிடுங்க, பெரியப்பா."

மறுக்க முடியுமா? வாய் நிறையக் கோதுமையோடு பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார். அப்பா சிரித்துவிட்டார். அம்மா போனபிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.