நண்டு மட்டும் சாகவில்லை

காலை பதினொன்றரை மணிக்கு அலைநகர் கடற்பூங்காவின் திறந்த தொட்டியில் மீன்கள் செத்து மிதந்தன. ஒட்டி, கிளிமீன், வரிவரியாய் அழகு காட்டிக்கொண்டிருந்த குட்டிமீன்கள், ஒன்றும் மிச்சமில்லை. பன்னிரண்டு அடிப்பதற்குள் குற்றவாளியும் பிடிபட்டுவிட்டான். வயது பதினாறு. பெயர் ஜெரிசன். ஊர் குருநகர்.

நீர்ச்சறுக்கில் நனைந்த தலையைக்கூடத் துவட்டாமல் ஓடிவந்தாள் அவன் தாய் ஸ்ரெல்லா. வல்வெட்டித்துறைக்கு அப்பால் புதிதாகத் திறந்த பூங்கா இது. பிள்ளைகள் இரண்டும் மாதக்கணக்காக நச்சரித்து, இன்றுதான் அவளுக்கு லீவு கிடைத்திருந்தது. வந்து பார்த்தால் மகனைச் சுற்றி ஒரு கூட்டம். நடுவில் பூங்காவின் முகாமையாளர் கஜானன், ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி, தீர்ப்புச் சொல்லி முடித்த நீதவான் போல நின்றார்.

"உங்கடை மகன் போத்திலாலை என்னத்தையோ தொட்டிக்குள்ளை ஊத்தினவர். நானே கண்டனான். இந்தாங்கோ, சாட்சி."

பாதித் தண்ணீரோடு ஒரு போத்தலை இடக்கையால் நீட்டினார். ஸ்ரெல்லாவுக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு பேர் பார்த்திருக்க ஒரு பெண்ணுக்கு இடக்கையால் கொடுக்கிறதா? மீன்பிடிக்கிற குருநகர் ஆட்கள் என்று கேட்ட பிறகுதான் இந்த மரியாதை என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள்.

"பொலிசுக்குப் போனால் பெடியன்ரை படிப்புக் கெட்டுப்போம். நான் அந்தளவுக்குப் போகேல்லை. மேடையிலை மைக் இருக்கு. எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேட்டிட்டுப் போகட்டும். உங்கடை பக்கத்துப் பிள்ளையளின்ரை பழக்கவழக்கம் தெரியும்தானே."

அவள் கணவன் றஞ்சித் சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனிதன். அங்கிருந்தே மெல்லச் சொன்னான். "மன்னிப்பெண்டு ஒரு சொறிதானே. சொல்லிட்டு வீட்டை போவம்."

"செய்யாததுக்கு என்ன சொறி? நீங்கள் பேசாமல் நில்லுங்கோ."

மகனிடம் திரும்பினாள். உள்ளுக்குள் ஒரு துளி பயம் இருந்தது, மறைப்பானேன். விளையாட்டாக எதையும் செய்துவிடுகிற வயது அது.

"ஊத்தினியா?"

"இல்லை."

"தொட்டிக்குள்ளை கை விட்டியா?"

"ஓம். மீனெல்லாம் மேலை வந்து வாயைப் பிளந்துகொண்டு நிண்டதுகள். ஒண்டைத் தூக்கிப் பாத்தனான். கையிலையே செத்துப்போச்சு."

"போத்திலுக்குள்ளை?"

"தண்ணி அம்மா. எங்கடை வீட்டுத் தண்ணி."

ஸ்ரெல்லா மூடியைத் திருகினாள். கூட்டம் பார்த்திருக்க, மிச்சத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்தாள்.

"நஞ்செண்டால் நான் இப்ப விழவேணும். கொஞ்சம் பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

யாரோ சிரித்தார்கள். கஜானன் சிரிக்கவில்லை. "அப்ப பொலிசுக்கு அடிக்கிறன்" என்று போனை எடுத்து, இடது பெருவிரலால் தடவித் தடவி நம்பரைத் தேடினார்.

"அடியுங்கோ. அவை வர நேரம் செல்லும். நானும் பொலிஸ்தான், குற்றப்பிரிவு சார்ஜன்ட். ஆனால் இண்டைக்கு லீவு. தாயாத்தான் பாக்கப்போறன்."

கஜானனின் போன் மெல்லக் கீழே இறங்கியது. ஸ்ரெல்லா தொட்டியின் மேல் குனிந்தாள். மீன்கள் அநேகமாக எல்லாம் மேலே மிதந்தன. அடியில், கல்லுக்குப் பக்கத்தில், இரண்டு நண்டுகள் விழுந்து கிடந்த கிளிமீன் ஒன்றை ஆற அமரத் தின்றுகொண்டிருந்தன. இறால்கூடத் துள்ளியது. கண்ணாடி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாய் நூல் துண்டுகள், அவித்த சேமியா போல ஒட்டிக் கிடந்தன.

"உதென்ன?" என்று மீனுக்குத் தீன் போடும் பிரதீபாவைக் கேட்டாள்.

அந்தப் பெண் வாயைத் திறக்க முன்னரே கஜானன் முந்திக்கொண்டார். "ஆரோ குப்பை போட்டிருப்பினம்."

ஸ்ரெல்லா மகளைக் கூப்பிட்டாள். "ஜெயனி, காலமை வந்த உடனை நீ இதிலைதானே நிண்டனி? அப்ப இருந்து இப்ப இல்லாத சாமான் ஏதும் இருக்கோ?"

பதினான்கு வயது ஜெயனி முகத்தைச் சுழித்தாள். "சீ, ஓம். அவிஞ்ச கத்தரிக்காய் மாதிரி ஒண்டு கிடந்தது. ஆக்கள் ஐஸ்கிறீம் தடியாலை குத்திக் குத்திப் பாத்தவை. இப்பக் காணேல்லை."

ஸ்ரெல்லா கையிலிருந்த வெறும் போத்தலைப் பார்த்தாள். பிறகு கஜானனைப் பார்த்தாள்.

"சரி. என்ரை மகன் மைக்கிலை கதைப்பான். கொண்டுவாங்கோ."

"அம்மா!" ஜெரிசனின் முகம் செத்துப்போனது.

"நீ பொறு."

மைக் வந்தது. கஜானன் அதை இடக்கையால் நீட்டினார்.

"வலக்கையாலை தாங்கோ."

"என்ன?"

"போத்திலை நீட்டேக்கை எங்களை இளக்காரமா நினைச்சு இடக்கையாலை தாறியள் எண்டு நினைச்சன். இளக்காரம் இருக்குது, அது வேறை. ஆனால் அந்தக் கையை உங்களாலை வெளியிலை எடுக்கேலாது. எடுங்கோ பாப்பம்."

கஜானன் அப்படியும் இப்படியும் பார்த்தார். கடைசியில் கையை இழுத்தபோது பையின் உட்துணியும் சேர்ந்தே வெளியே வந்தது. விரலெல்லாம் வெள்ளை நூல் பசையாய் அப்பிக் கிடந்தது.

"உது கடலட்டை கக்கிற நூல்," என்றாள் ஸ்ரெல்லா. "ஜெயனி கண்ட கத்தரிக்காய் அந்த அட்டைதான். எங்கடை அப்பா அட்டை பிடிக்கச் சுழியோடினவர். கையிலை பட்டால் சவுக்காரத்துக்கும் லேசிலை போகாது. அட்டையைக் குத்தி வெருட்டினால் நூலும் கக்கும், நஞ்சும் கக்கும். கடல் எண்டால் அது கரைஞ்சுபோம். தொட்டிக்குள்ளை மீன் எங்கை ஓடுறது? அந்த நஞ்சு மீனைக் கொல்லும், நண்டை ஒண்டும் செய்யாது. பெடியன் மருந்து ஊத்தியிருந்தால் நண்டுமெல்லோ செத்திருக்கும்? மீன் சாகத் தொடங்க நீங்கள் ஓடிவந்து அட்டையைத் தூக்கி ஒளிச்சியள். பக்கத்திலை என்ரை பிள்ளை நிண்டான். ஊரைக் கேட்டியள், குருநகர் எண்டான். பழி போட உங்களுக்கு அது காணும்."

பிரதீபாவின் குரல் நடுங்கினாலும் நிற்கவில்லை. "மீனோடை அட்டையை விடவேண்டாம் எண்டு நான் சொன்னனான் சேர். நாளைக்கு லண்டனாலை முதலாளி வாறார், புதுசா ஒண்டு காட்டவேணும் எண்டு நீங்கள்தான் விட்டனீங்கள். அந்த அட்டை தீன் அறை வாளிக்குள்ளை கிடக்குது, இப்பதான் கண்டனான்."

பத்தடி தள்ளி நின்ற றஞ்சித் அந்தப் பத்தடியையும் நடந்து வந்து மகனின் தோளில் கை போட்டான். ஸ்ரெல்லாவுக்குக் கண் கலங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை, மைக்கை எடுத்து மகனிடம் கொடுத்தாள்.

"நான் ஜெரிசன். குருநகர்." உடைகிற வயதுக் குரல் பூங்கா முழுக்கக் கேட்டது. "மீனை நான் கொல்லேல்லை. காப்பாத்தத்தான் பாத்தனான். நான் ஆரிட்டையும் மன்னிப்புக் கேக்கமாட்டன். இனி இவர் கதைப்பார்."

மைக்கை நீட்டினான். கஜானன் வாங்குவதற்கு இடக்கையைத் தூக்கினார்.

"மற்றக் கையாலை," என்றாள் ஜெயனி.