ஆள் வருது

துண்டு ஈரமாக இருந்தது.

போடும்போது நன்றாகக் காய்ந்த துண்டு. வாட்ச்மேன் தன் கையாலேயே உதறி மடித்து, மனைவிக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் போட்டது. காலைச் சாப்பாடு முடிந்து எடுக்கப் போனால், பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும் போலக் கனத்தது. மேசையில் ஒரு தம்ளர்கூடக் கவிழவில்லை. மோந்து பார்த்தார். கடல் வாடை இல்லை. பல நாளாக மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் வாடை.

"மேல ஏசி சொட்டியிருக்கும் மாமா," என்றார் மருமகன். எது கேட்டாலும் சட்டைப்பையில் ஒரு பதில் வைத்திருக்கும் மனுஷன்.

வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தார். மேலே ஏசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

வேலையை விட்டு வருஷக்கணக்கானாலும் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர்தான் நின்றது. இரும்புக் கிடங்கு வாசலில் ஆயுசைக் கழித்தவர். சிரித்துப் பேசுகிறவன் திருடன், பேசாமல் போகிறவன் பெரிய திருடன். அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். மகள் அழுது அடம்பிடித்துத்தான் இந்தக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வந்தவர் சும்மா இருந்தாரா? சாப்பாட்டுக் கூடத்துச் சன்னல் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். சுவரோடு சுவராகப் பதித்தது, திறக்காது. வெளியே நடைபாதை கிடையாது, கைப்பிடி கிடையாது. நேராகக் கீழே தண்ணீர். எவனும் வர வழியில்லை என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

மனைவிக்கு முட்டி போய்விட்டது. ஆபரேஷன் செய்தும் சரியாகவில்லை. கொஞ்சம் நின்றாலே முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொள்வாள். வலிக்கிறது என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அதனால் எங்கே போனாலும் அவர் முந்திப் போய் இடம் பிடிப்பார். அவளுக்கு ஒன்று. நீட்டிய காலை எவனும் இடிக்காமலிருக்கப் பக்கத்தில் இன்னொன்று. அதில் துண்டு. யாராவது கேட்டால் "ஆள் வருது." பஸ்ஸிலும் ரயிலிலும் ஆஸ்பத்திரி பெஞ்சிலும் சொல்லிச் சொல்லி நாக்கில் படிந்துபோன பொய்.

"அப்பா, உங்க ஆளு எப்பதான் வரும்?" என்று மகள் கேலி செய்தாள்.

"வரும்போது வரும். நீ உன் தட்டப் பாரு."

சாப்பிட்டதும் எல்லோரும் மேல்தளத்து நீச்சல் குளத்துக்குப் போனார்கள். வெயில் வெள்ளையாக எரிந்தது. எண்ணெய் தடவிக்கொண்ட உடம்புகளின் வாசனையும், பொரித்த கோழியின் வாசனையும், ஒலிபெருக்கிப் பாட்டும், குழந்தைகளின் கூச்சலும், இதற்கெல்லாம் அடியில் எந்நேரமும் பாதத்தில் ஏறிக்கொண்டிருந்த எஞ்சினின் உறுமலும் கலந்து தலையைக் கிறுகிறுக்க வைத்தன. துணி போட்ட சாய்வு நாற்காலி இரண்டைப் பிடித்தார். ஒன்றில் மனைவி. இன்னொன்றில் பிழிந்து காயவைத்த துண்டு. ஒரு தடியன் வந்து கேட்டான். "ஆள் வருது," என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனார்.

திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே பார்த்தார். காலி நாற்காலியின் துணி நடுவில் தொய்ந்து, தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்திருந்தது. மனைவி அந்தப் பக்கம் திரும்பித் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவர் கிட்டே வரவும் துணி மெல்ல மேலே எழும்பியது.

"யார்கிட்டடி பேசிக்கிட்டு இருந்த?"

"இங்க உக்காந்திருந்த அம்மாகிட்டதாங்க. பாவம், ரொம்ப காலமா நின்னுக்கிட்டே இருக்காங்களாம். அவங்க கூட்டம் மொத்தமும் நின்னுக்கிட்டுதான் இருக்காம். ஒருத்தரும் உக்காருன்னு சொல்லலையாம். நீங்கதான் இடம் போட்டுக் கொடுத்தீங்கன்னு சந்தோஷப்பட்டாங்க."

"எங்க அந்தம்மா?"

"இப்பத்தான..." அவள் திரும்பிப் பார்த்தாள். "நடக்குற சத்தமே தெரியாம போயிடுறாங்க."

துண்டு சொதசொதவென்று கிடந்தது. ஐஸ்கிரீம் உருகி அவர் மணிக்கட்டில் வழிந்தது. துண்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் வீசினார். அது மிதக்கவில்லை. கல்லைப் போட்ட மாதிரி உள்ளே போயிற்று.

மத்தியானம் அரங்கத்தில் மாயாஜாலம். வாட்ச்மேன் துண்டும் போடவில்லை, பொய்யும் சொல்லவில்லை. கூட்டம் நிரம்பி ஜனங்கள் படியில்கூட உட்கார்ந்தார்கள். மனைவிக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. வருகிறவர்கள் அதன் அருகே வந்து, குனிந்து, "மன்னிச்சுக்குங்கம்மா, பாக்கல," என்று நகர்ந்துபோனார்கள். ஒருவரல்ல. எல்லோரும்.

மேடையில் வித்தைக்காரன் ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் மறைத்தான். கைதட்டல். வாட்ச்மேன் மேடையைப் பார்க்கவில்லை. இருட்டில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அது சூடாகத்தான் இருந்தது. எட்டி அவளது மறு கையைத் தொட்டார். குளத்தில் ஊறின கை போலச் சில்லிட்டு, விரல்கள் வெளுத்துச் சுருங்கி, யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்த மாதிரி மடங்கியிருந்தது.

"ரூமுக்குப் போலாம் வா."

"ஏங்க, பொண்ணு ஆசையா கூட்டிட்டு வந்திருக்கா. ராத்திரிச் சாப்பாட்டுல கேக்கு ஊர்வலம் இருக்காம். பாத்துட்டுப் போலாம்." பிறகு மெதுவாக, "அவங்களும் வரேன்னிருக்காங்க," என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதே கூடம், அதே சன்னலோர மேசை. வெளியே கடல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. நான்கு பேருக்கு ஐந்து நாற்காலி. ஐந்து தட்டு.

வாட்ச்மேன் சர்வரைக் கூப்பிட்டார். "இந்த நாற்காலிய எடுத்துட்டுப் போப்பா. யாரும் வரல."

சர்வர் தயங்கினார். "ஆள் வருதுன்னு காலைல நீங்கதான சொன்னீங்க ஐயா?"

"பொய் சொன்னேன். எடு!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைகள் திரும்பின. மகளுக்கு முகம் சிவந்தது. "ஏம்ப்பா மானத்த வாங்குறீங்க?" மருமகன் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். சர்வர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். காலி நாற்காலிதான். ஆனாலும் பாரம் சுமக்கிறவர் போலத்தான் நடந்தார்.

அப்பாடா என்றிருந்தது. நான்கு பேர், நான்கு நாற்காலி. வாட்ச்மேன் மனைவியின் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். நாள் முழுக்க இல்லாத பசி எடுத்தது.

"தப்பு பண்ணிட்டீங்க," என்றாள் மனைவி. குரலில் கோபம் இல்லை. "வரச் சொல்லிட்டு நாற்காலிய எடுத்தா, யாராவது ஒருத்தர் நிக்கணுமில்ல?"

பதில் சொல்வதற்குள் விளக்குகள் அணைந்தன.

மேளம். விசில். சமையற்கட்டுக் கதவு திறந்து, சர்வர்கள் மெழுகுவத்தி ஏற்றிய கேக்குகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடி வந்தார்கள். ஜனங்கள் எழுந்து கைத்துண்டுகளைச் சுழற்றினார்கள். இருட்டில் நூற்றுக்கணக்கான வெள்ளைத் துண்டுகள். காற்றில் அந்த வாடை. பூச்சாடித் தண்ணீர்.

மனைவியின் இரண்டு கைகளையும் தேடினார்.

கிடைத்தன. பிடித்தார்.

இரண்டும் சில்லிட்டிருந்தன.

உதறினார்.

விளக்கு வந்தது.

அவள் நாற்காலியில் யாரும் இல்லை. துண்டு இருந்தது. அவருடைய துண்டு. கடலில் போட்ட துண்டு. ஒழுங்காக மடித்துப் போட்டிருந்தது. விளிம்பிலிருந்து தரைக்குச் சொட்டியது. அதன் நடுவில் மெல்ல, மிக மெல்ல, பள்ளம் விழுந்தது.

"அம்மா எங்கடி?"

மகள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். "என்னப்பா, இதோ உக்காந்திருக்காங்கல்ல?" துண்டுக்கு நேராகத் தட்டை நீட்டிச் சிரித்தாள். "சாப்பிடும்மா. உனக்குப் பிடிச்சதுதான்."

மருமகன் அந்த நாற்காலிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

எங்கேயோ நகம் கண்ணாடியைத் தட்டியது. இரண்டு தட்டு. மரியாதையாக.

திரும்பினார்.

சன்னலுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். நடைபாதை இல்லாத இடத்தில். கைப்பிடி இல்லாத இடத்தில். தலைமுடி சொட்ட, கை தொங்க, உள்ளே இருந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு.

வரிசையின் கடைசியில் அவள். கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முட்டி போனவள். ரொம்ப நேரம் நிற்க அவளால் ஆகாது.