தூக்காத சக்கரம்

மார்ச் பதினேழாம் தேதி, சனிக்கிழமை காலை, ரயில்வே குடோனுக்குப் பின்னால் இருந்த பழைய இரும்புக் கடையிலிருந்து, சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று குட்டி லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டது. சைடுகாரின் இருக்கைக்கு அடியில் ஒரு மணல்மூட்டை இருந்தது.

வாங்கியவன் எடை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். காய்கறிக் கடைத் தராசு முதல் பெரிய மருத்துவமனையில் குழந்தைகளை ஏற்றி நிறுத்தும் எடைமேடை வரை எல்லாம் அவன் கைபட்டவை. அதனால் ஊருக்கு அவன் பெயரே தராசு. ஒரே மகள், ஏழு வயது, வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். போன வருடம் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவள் கால்களில் இருந்த பலத்தையும் எடுத்துக்கொண்டு போனது. பைக்கின் பின்னால் உட்காரவைத்தால் பிடித்துக்கொள்ள முடியாமல் சரிவாள். பஸ் நெரிசலில் ஏற்ற முடியாது. பள்ளிக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள், அதுவும் முடிந்த நாட்களில்தான். சாய்ந்து உட்கார்ந்து, முகத்தில் காற்றடிக்க, மற்றப் பிள்ளைகளைப் போல அவளும் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டும். அதற்காகத்தான் அந்தத் துருப்பிடித்த குவியலை வாங்கினான்.

"இது ஓடின காலத்துல எங்க தாத்தாவுக்கே மீசை முளைச்சிருக்காது மாமா" என்றான் மனைவியின் தம்பி. சொல்லிவிட்டு அவனே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி வேலைக்கு உட்கார்ந்தான்.

கொல்லைப்புறக் கொட்டகையில் வண்டியைப் பிரித்துப் போட்டார்கள். டேங்கைக் கழற்றிக் கூழாங்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கினால் செங்கல் நிறத்தில் துரு கொட்டியது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய் ஊற்றிக் காத்திருந்து, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி, ஒரு சாயங்காலம் அது அசைந்து கொடுத்தபோது இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி சிரித்தார்கள். சைடுகார் மட்டும் பெரிதாகக் கெட்டிருக்கவில்லை. தகரம் உறுதி, அடியில் குலுக்கலைத் தாங்கும் பட்டைவில் உறுதி. குருவி அதைப் பார்த்த மாத்திரத்தில் தொட்டி என்று பெயர் வைத்துவிட்டாள்.

இரும்புக் கடைக்காரர் லாரி கிளம்பும்போது ஒன்று சொல்லியிருந்தார். காலியாக ஓட்ட வேண்டாம், இடது பக்கம் திரும்பினால் தூக்கிவிடும் என்று. சைடுகார் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தொட்டி இடது பக்கம் இருக்கிறது. அதில் பாரம் இல்லாமல் இடது பக்கம் வளைந்தால் மூன்றாவது சக்கரம் தரையை விட்டு எழும்பும், சில சமயம் வண்டியையே கவிழ்த்துவிடும். அதனால் ஆள் இல்லாதபோது மணல்மூட்டை போட்டுக்கொள்வார்கள். ஆனால் இந்த மூட்டை நாறியது. பூட்டிய வீட்டில் ஈரத்துணி கிடந்த வாடை. அதைத் தைத்திருந்த விதமும் ஒரு மாதிரி இருந்தது. தடித்த சணலில், தையல் மேல் தையலாக, மணலுக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றும்படி. தராசு அதைக் கத்தியால் கீறி மணலைச் சாக்கடையோரம் கொட்டினான். ஓட்டுவதற்கு முன் புது மணல் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான்.

மறந்துவிட்டான். வண்டி முதல் தடவை கிக்கருக்கு இணங்கி உயிர் பெற்றபோது, அந்தப் பழைய என்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டு நிதானமாகத் துடிக்க ஆரம்பித்தபோது, யாருக்குத்தான் மணல் நினைவு வரும். ஒரு சுற்றுப் போய் வருகிறேன் என்று தெருவில் இறங்கினான். மரக்கடை வளைவில் இடது பக்கம் திரும்பும்போதுதான் நினைவு வந்தது. தொட்டி காலி. ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரம் எழும்புவதற்காகக் காத்திருந்தான்.

எழும்பவில்லை. தரையை அழுத்திக்கொண்டு, சரளைக்கல்லை நொறுக்கிக்கொண்டு, பாரம் ஏற்றிய வண்டி போல அமைதியாகத் திரும்பியது.

தொட்டியை நாம் பூட்டிய கோணம் அவ்வளவு சரியாக இருக்கிறது என்று தனக்குத்தானே முதுகில் தட்டிக்கொண்டான். ஆனால் இருபது வருடம் எடையோடு பிழைத்தவனுடைய மனம் அதை அப்படியே விட்டுவிடாது. வீட்டுக்கு வந்ததும் கொட்டகையில் இருந்த எடைமேடை மேல் மூன்றாவது சக்கரத்தை ஏற்றி நிறுத்தினான். தொட்டியைப் பூட்டிய அன்று காலியாகப் பார்த்த எடையை விட முள் கொஞ்சம் மேலே நின்றது. இயந்திரம்தான் பிசகிவிட்டது என்று படிக்கற்களை வைத்துச் சோதித்தான். பிசகவில்லை. தொட்டியின் தரையைத் தட்டிப் பார்த்தான், தண்ணீர் இல்லை. இருக்கையைத் தூக்கிப் பார்த்தான், ஒன்றுமில்லை. ஈரத்துணி வாடை மட்டும் இருந்தது. புது ரெக்சினும் புதுப் பெயின்ட்டும் தாண்டி அது வந்தது.

மறுநாளிலிருந்து குருவி தொட்டியில் பள்ளிக்குப் போனாள். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். ராணி மாதிரி அவள் கையசைத்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவளுடைய அம்மா வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். அதனால் அவன் எதையும் வீட்டில் சொல்லவில்லை. குருவி இருக்கையின் நடுவில் உட்காராமல் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்காருவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் வழியில் கேட்டான்.

"நல்லா நடுவுல சாஞ்சு உட்காரேன்டா."

"இடம் வேணும்லப்பா. நான் ஏறினா அவ கொஞ்சம்தான் நகர்றா."

"எவ?"

"உட்கார்ந்திருக்கிறவ" என்றாள் குருவி, இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி.

பிள்ளைகள் அப்படித்தான் பேசும். அவன் அப்படித்தான் நினைக்கப் பார்த்தான். ஆனால் சாயங்காலம் கரண்ட் போய் வீடு அடங்கும் நேரங்களில், சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டகையில், பட்டைவில் மெதுவாக முனகும் சத்தம் கேட்டது. நாற்காலியில் வெகு நேரம் உட்கார்ந்த ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சாய்ந்து கொள்வது போல, ஒரு முனகல், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு முனகல். டார்ச் எடுத்துக்கொண்டு போனால் தொட்டி காலியாக இருக்கும். இருக்கையின் ஒரு பாதி மட்டும் அமுங்கியிருக்கும்.

முதலில் கண்டுபிடித்தவள் மனைவி. ஆயத்த ஆடைக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்கிப்போன மகளைக் கட்டிலுக்குத் தூக்கியவள், அப்படியே நின்றாள்.

"என்னங்க, இவளத் தூக்கினா பஞ்சு மாதிரி இருக்கா. பார்க்க அப்படியேதான் இருக்கா, கன்னங்கூட வத்தல. ஆனா கனமே இல்ல."

அவன் வாங்கிப் பார்த்தான். கையே தராசாக இருப்பவன் அவன். குருவியின் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் தன் மேடையில் அவளை நிறுத்துப் பார்ப்பது அவன் வழக்கம். இந்த வருடம் இருபத்தொரு கிலோ. இப்போது அதில் பாதிதான் இருந்தாள். சட்டை தொளதொளக்கவில்லை, வளையல் கழலவில்லை, எலும்பு துருத்தவில்லை. அதே குருவி. பாதி எடை.

மனைவி டாக்டரிடம் போகலாம் என்றாள். அவன் கொட்டகைக்குப் போனான். மூன்றாவது சக்கரத்தை மேடையில் ஏற்றினான். முள் ஓடியது. மகளிடம் குறைந்தது அங்கே கூடியிருந்தது.

அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டான். குருவியைக் கொட்டகைப் பக்கம் விடவில்லை. அப்படியும் அவள் குறைந்துகொண்டே வந்தாள். கடையில் மணல் வாங்கிப் புது மூட்டை தைத்து இருக்கைக்கு அடியில் திணித்துப் பார்த்தான். மேலே இருந்து ஏதோ அழுத்தியது, மூட்டை உள்ளே போகவில்லை. சாக்கடையோரம் போய்ப் பழைய மணலைக் கையால் தோண்டினான். மழை எப்போதோ அதை அடித்துக்கொண்டு போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைத்துனனைக் கூப்பிட்டான். தொட்டியை மட்டும் கழற்றி இரும்புக் கடைக்கே திருப்பி அனுப்புவதாகத் திட்டம். காரணம் சொல்லவில்லை. போல்ட்டுகளைக் கழற்றி, பாரம் தூக்கும் செயின் பிளாக்கை உத்தரத்தில் மாட்டி இழுத்தார்கள். உத்தரம் கிறீச்சிட்டது.

"உள்ள பீரோ ஏதும் வச்சிருக்கீங்களா மாமா?" என்றான் மைத்துனன், மூச்சு வாங்கியபடி.

தொட்டி ஒரு சாண் எழும்பியது. வீட்டுக்குள்ளிருந்து குருவி அலறினாள்.

"இறக்கி விடுங்க! அப்பா, இறக்கி விடுங்க, கீழ விழுந்துருவேன்!"

அவன் ஓடினான். குருவி கட்டிலில்தான் படுத்திருந்தாள். இரண்டு கையாலும் போர்வையைப் பற்றிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மெத்தையில், குருவிக்குக் கீழே, பள்ளமே விழவில்லை.

"இறக்குடா" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான். சங்கிலி தடதடவென இறங்கியது. குருவியின் அலறல் நின்றது.

மைத்துனன் கை கழுவாமலே கிளம்பிப் போனான். தராசு கொட்டகையில் தனியாக உட்கார்ந்து போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கினான், ஒவ்வொன்றாக. இதை வீசினால் மகளை வீசியதாகும். வைத்திருந்தால் மகள் மிச்சமிருக்க மாட்டாள். தொட்டிக்குள் குனிந்து, யாரும் இல்லாத இருக்கையிடம், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடு, வேண்டுமானால் என்னிடம் எடுத்துக்கொள், எழுபது கிலோ இருக்கிறேன் என்று கெஞ்சினான். பட்டைவில் ஒரு முறை முனகியது. அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துப் பெருமழை பிடித்தது. மனைவி காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். குருவியை டாக்டரிடம் காட்ட முன்பே கேட்ட விடுமுறையைக் கம்பெனியில் தரவில்லை. புழுக்கமாக இருக்கிறதென்று அவன் ஃபேனைப் போட்டான். இறக்கைகள் வேகம் பிடித்தன. கட்டிலில் குருவி நகர்ந்தாள். கை கால் அசைக்காமல். காற்றுப் போன பக்கம்.

ஃபேனை நிறுத்தினான். அவளை அம்மாவின் சால்வையில் சுற்றினான். கையில் சால்வையின் கனம்தான் இருந்தது. ஆட்டோ கிடைக்கவில்லை, பஸ் ஓடவில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போக அவனிடம் இருந்தது ஒரே வண்டி. அவளுடைய பாரமும் அதில்தான் இருந்தது. அவளையும் அதையும் பிரிக்காமல் கொண்டு போய்ச் சேர்த்தால் எப்படியாவது, யாராவது. அதற்கு மேல் அவனால் நினைக்க முடியவில்லை. தொட்டியில் உட்காரவைத்துக் கயிற்றால் கட்டினான், மேலே தார்ப்பாயை இழுத்து மூடினான்.

"இடமே இல்லப்பா" என்றது தார்ப்பாய்க்குள்ளிருந்து சன்னமான குரல்.

மழை கண்ணை மறைத்தது. ஹெட்லைட்டின் மஞ்சள் வெளிச்சம் இரண்டு முழத்துக்கு மேல் போகவில்லை. மரக்கடை வளைவு. இடது பக்கம். வேகத்தைக் குறைக்கவில்லை. சக்கரம் எழும்பட்டும், வண்டி கவிழட்டும், உள்ளே இருப்பது வெளியே விழட்டும் என்று ஒரு கணம் நினைத்தான். சக்கரம் எழும்பவில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையிலேயே போனது.

மருத்துவமனை வாசலில் தார்ப்பாயின் நுனியைத் தூக்கிக் கயிற்றை அவிழ்த்தான். சால்வையை அள்ளினான். ஓடினான்.

செவிலி அவனுக்குத் தெரிந்தவள்தான். "என்ன தராசு அண்ணே, இப்படி நனைஞ்சு?" என்று கேட்டுக்கொண்டே, முதலில் எடை பார்க்க வேண்டும் என்று மேடையைக் காட்டினாள். போன மாதம் அவனே பழுது நீக்கி வைத்த மேடை. குருவியை அதில் உட்கார வைத்தான்.

முள் அசையவில்லை.

மேடையின் ஓரத்தைத் தன் விரலால் அழுத்தினான். முள் துள்ளியது. விரலை எடுத்தான். முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது. குருவி அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிமிட்டினாள். முள் பூஜ்யத்தில் இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டான்.

பின்னால் காலடிச் சத்தம். கனமான காலடி. வாசல் காவலாளி மூச்சிரைக்க வந்தார். இரண்டு கையிலும் ஒரு தார்ப்பாய்ச் சுருள்.

"என்ன சார் நீங்க. பாப்பாவ வண்டியிலயே விட்டுட்டு ஓடி வந்துட்டீங்க."

மேடையில் வைத்தார். தார்ப்பாய்க்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. சின்னப் பாதம். மணல் ஒட்டியிருந்தது. ஈரத்துணி வாடை.

முள் எழுந்தது. இருபத்தொன்றில் நின்றது.

"அப்பா" என்றது. மேடையிலிருந்து. குருவியின் குரலில்.

அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். சால்வை வெறுமையாக, நடுவில் மடிந்து தொங்கியது.

தார்ப்பாய்க்குள் இருந்தது குருவியின் முகமேதான். டாக்டர் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். மழை விட்டதும் தராசு பெண் குழந்தையோடு வீட்டுக்குக் கிளம்பினான். குழந்தை தொட்டியின் நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து வந்தது. கதவைத் திறந்த மனைவி குழந்தையை வாரித் தூக்கினாள். கனம் இப்போது சரியாக இருப்பதாகச் சொன்னாள்.